பட்ஜெட்: தோல்பை முதல் பாதீடு வரை

‘பட்ஜெட்’ என்ற ஆங்கிலச் சொல் முதலில் குறித்தது ஒரு சிறிய தோல்பையை. இலத்தீனில் ‘புல்கா’ என்று வழங்கிய சொல் பழைய பிரெஞ்சில் ‘பூஜ்’ ஆகி, சிறுபையைக் குறிக்கும் ‘பூஜெத்’ என்ற வடிவத்தில் 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. புடைப்பைக் குறிக்கும் ‘பல்ஜ்’ என்பதும் இதே வேரில் கிளைத்ததுதான். நாளடைவில் பையின் பெயர் பைக்குள் இருப்பதற்கும் ஆகிவந்தது.

அரசின் கணக்கோடு இச்சொல்லைப் பிணைத்ததில் ஒரு நையாண்டிக்குப் பெரும் பங்குண்டு. 1733இல் பிரிட்டனின் நிதிப்பொறுப்பை வகித்த ராபர்ட் வால்போல், ஒயினுக்கும் புகையிலைக்கும் கலால் வரி விதிக்க முனைந்தார். அப்போது ‘பட்ஜெட் திறக்கப்பட்டது’ என்னும் பொருள்படும் தலைப்பில் வெளிவந்த எதிர்ப்புத் துண்டுநூல், பையை அவிழ்த்து மருந்து விற்கும் போலி வைத்தியராக அவரைக் காட்டியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கேலி மறந்துபோய், நிதியமைச்சரின் ஆண்டறிக்கைக்கே அது முறையான பெயராயிற்று. இந்தியாவின் முதல் பட்ஜெட்டை, அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசில் நிதிப்பொறுப்பை வகித்த ஜேம்ஸ் வில்சன் 1860இல் முன்வைத்தார். ஆயினும் நமது அரசமைப்புச் சட்டத்தின் 112ஆம் பிரிவு இச்சொல்லை ஆளாமல், ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’ என்றே குறிப்பிடுகிறது.

தமிழில் ‘நிதிநிலை அறிக்கை’, ‘வரவு செலவுத் திட்டம்’ ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. முன்னது முடிந்துபோன ஆண்டின் கணக்கையும் குறிக்கக்கூடும். வரப்போகும் ஆண்டுக்கான ஏற்பாடு என்பதைப் பின்னதே ஐயமின்றி உணர்த்துகிறது. இலங்கைத் தமிழ் ஊடகங்களில் ‘பாதீடு’ என்ற சொல்லும் பயில்கிறது. இது அண்மையில் புனைந்த சொல் அன்று. கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் வெட்சித் துறையைத் தொல்காப்பியம் ‘பாதீடு’ என்கிறது. குறளில் வரும் ‘பாத்தூண்’ என்பதிலும் பகுத்தல் என்னும் அதே பொருள் உண்டு. எத்துறைக்கு எவ்வளவு என்று பிரித்து ஒதுக்கும் செயலுக்கு இது நன்கு பொருந்துகிறது. (கொள்ளையைப் பங்கிடும் பழம்பொருள்தான் இன்னும் பொருத்தம் என்று குறும்பாகச் சொல்பவர்களும் இருக்கலாம்.) எனினும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை இச்சொல் காட்டுவதில்லை. ஆகவே முழு ஆவணத்துக்கு ‘வரவு செலவுத் திட்டம்’ என்பதையும், ஒதுக்கீட்டுக்குப் ‘பாதீடு’ என்பதையும் ஆள்வதே தக்கது.

‘பட்ஜெட் போன்’, ‘பட்ஜெட் ஓட்டல்’ என்னும் இன்றைய வழக்குகளில் இச்சொல்லின் பொருள் மலிவு என்பதாகச் சுருங்கிவிட்டது. அங்கே ‘பாதீட்டுக் கைப்பேசி’ என்று எழுதினால் நகைப்புக்கே இடமாகும். ‘குறைந்த விலைக் கைப்பேசி’ என்பதே போதும்.