627001 பகா எண்ணா?

"அண்ணாச்சி, நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் பின்கோடு 627001 பகா எண்ணா?" என்று பாளையங்கோட்டையிலிருந்து கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டிருந்தான். முதலில் சிரிப்புதான் வந்தது. தபாலைப் பிரிக்க 1972-ல் வந்த அடையாளம் அது, அதை யாராவது வகுத்துப் பார்ப்பார்களா? ஆனால் கேட்டுவிட்டானே, சும்மா இருக்க முடியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டீஸின் பின்பக்கம் போட ஆரம்பித்தேன்.

இதன் வர்க்கமூலம் 791-ஐக் கொஞ்சம் தாண்டும். எண் இரண்டாக உடைந்தால் அதில் சின்னது இதற்குள்தான் இருக்கும், அதனால் அதுவரை உள்ள 138 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். சரி, 138 தடவை வகுக்க யாருக்குப் பொறுமை?

எண்ணை உற்றுப் பாருங்கள், 627000-க்கு அடுத்த வீடு அது. 627000 என்பது 8×3×125×11×19. ஒரு 19-ன் மடங்கில் நின்றுகொண்டு அடுத்த மடங்குக்குப் போக 19 அடி வைக்க வேண்டும், நாம் வைத்ததோ ஒரே அடி, அதனால் மீதி 1-தான் வரும். 2, 3, 5, 11-க்கும் இதே கதை. வகுக்காமலே ஐந்து பேர் போயாச்சு! பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் காட்டியதும் இந்த ஓரடியை வைத்துத்தான். கையிலிருக்கும் பகா எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டு, அவற்றில் எதுவும் அதை வகுக்காது, ஆகவே பட்டியலில் இல்லாத இன்னொரு பகா எண் எங்கோ இருந்தாக வேண்டும். கூட்டி வந்த எண்ணே பகா எண் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அவர் அப்படிச் சொல்லவில்லை. 2×3×5×7×11×13+1 = 30031, அது 59×509.

இது தெரிந்தும் நானே ஏமாந்தேன். 7, 13 இரண்டுக்கும் குறுக்குவழி உண்டு: 1001 = 7×11×13, நம் எண்ணோ 627×1001-க்கு 626 குறைவு, அதனால் 627-லிருந்து 001-ஐக் கழித்து 626-ஐ மட்டும் பார்த்தால் போதும். இரண்டும் வகுக்கவில்லை. 17, 23, 29 என்று 67 வரை போனேன், ஒன்றும் ஒட்டவில்லை. டீயும் ஆறிவிட்டது. பகா எண்தான் என்று எழுதப் போனவன் கடைசியாக 71-ஐப் போட்டேன்.

71×8831. மீதி இல்லை! 8831 அதற்கு மேல் உடையாது, அது பகா எண்.

பக்கத்தில் இருந்தவர் இலக்கங்களைக் கூட்டி "16, அப்புறம் 7, நல்ல நம்பர்லா" என்றார். அந்த 7 வேறொன்றுமில்லை, 9-ஆல் வகுத்தால் வரும் மீதி. வண்டி நம்பருக்கு அந்த மீதியை நம்பிப் பணம் கொட்டுகிறவர்கள் 71-ஆல் வகுத்த மீதியையும் கொஞ்சம் மதிக்கலாம்.

தம்பியின் ஊர் 627002, இரட்டைப்படை. மேலப்பாளையம் 627005, ஐந்தில் முடிகிறது. டவுன் 627006. 627000-ஐ 2, 3, 5 மூன்றும் வகுப்பதால் 002 முதல் 006 வரை எதற்கும் தாளே வேண்டாம், ஜங்ஷனுக்கு மட்டும்தான் ஒரு டீ செலவு.