மாத்திரையைப் போட்டுக்கொண்டு சோற்றை நிறுத்தாதீர்கள்

போன வியாழக்கிழமை கிளினிக் திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மாவை அவருடைய மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அம்மாவுக்கு வயது 58, நீரிழிவுக்கு மாத்திரை போடுபவர். விடியற்காலை நான்கு மணிக்குக் குளியலறைக்குப் போனவர், வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாராம். நினைவு இருந்ததால் மகன் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறார். அதனால் தப்பித்தார்.

"சின்னவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம் மிஸ். சேலை கட்டுனா வயிறு தெரியுதுன்னு ராத்திரிச் சோத்த நிறுத்திட்டேன். ஆனா மாத்திரைய மட்டும் விடல, ஒழுங்கா போட்டேன்" என்றார். ஒழுங்காகப் போட்டேன் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த வருடத்தில் இப்படி வந்த நான்காவது ஆள் இவர். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் பீடோரில் 14 வருடமாக டயட்டீஷியனாக (உணவு ஆலோசகராக) இருக்கிறேன். ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிவந்த குடும்பங்களிலிருந்தும்தான் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்டது. கிளிக்லாசைட் போன்ற நீரிழிவு மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று மாத்திரைக்குத் தெரியாது. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபோர்மின் மட்டும் போடுபவர்களுக்கு மிகக் குறைவு. உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால் அட்டையோடு வந்து கேளுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். இரத்தச் சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். கிளிக்லாசைட் வகை மாத்திரை போடுபவர்களுக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் இறங்கலாம், அதனால் சரியாகிவிட்டது என்று தூங்கப் போகாமல் கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ வந்துவிடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 999-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, இப்போது சோற்றுக்கு வருகிறேன்.

உடம்பைக் குறைக்க வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றுதான்: "நான் சோறே சாப்பிடுறதில்ல மிஸ், ராத்திரி சப்பாத்திதான்." எத்தனை என்று கேட்டால் நான்கு. எண்ணெய் தடவிச் சுட்டது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. அரிசியும் கோதுமை மாவும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரிதான். கோதுமை மாவில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். நான்கு சப்பாத்தியும் அதன் எண்ணெயும் சேர்ந்தால், நீங்கள் பயந்து ஒதுக்கிய அந்த ஒரு கோப்பைச் சோற்றைப்போல் இரண்டு மடங்காகிவிடும். இன்னும் சிலர் சோற்றுக்குப் பதில் மீகூன் சாப்பிடுகிறார்கள். மீகூன் என்கிற அந்த மெல்லிய நூடுல்ஸும் அரிசிதான். தோசையும் இட்லியும் அரிசி. இடியாப்பம் அரிசி, புட்டும் அரிசி. ரொட்டி சானாய் மைதா மாவும் நெய்யும், ஒன்றே ஏறக்குறைய 300 கலோரி. போன மாதம் ஒருவர், "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடறதில்ல, நாலு பிஸ்கட்டும் மைலோவும்தான்" என்றார். ஐயா, அது ஒன்றுமே இல்லாதது ஆகாது.

அப்படியும் முதல் வாரம் இரண்டு கிலோ இறங்குகிறதே என்று கேட்பீர்கள். அது பெரும்பாலும் தண்ணீர். ஈரலும் தசையும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் முதலில் போவது அதுதான். மூன்றாவது வாரம் எடை நின்றுவிடும், பசி மட்டும் நிற்காது. அப்புறம் கல்யாண வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டதும் தண்ணீரெல்லாம் திரும்பி வரும். உடனே "என் உடம்பு வாகு அப்படி" என்று கையை விரித்துவிடுகிறார்கள். உங்கள் உடம்பில் குறை ஒன்றும் இல்லை. ஆறு வாரத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியாத ஒரு பத்தியத்தை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொண்டீர்கள்.

நம் தாத்தா பாட்டி தட்டு நிறையச் சோறு சாப்பிட்டார்கள், உண்மைதான். இருட்டு விலகுமுன் பால்மரக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) இறங்கி, நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து, குனிந்து நிமிர்ந்து சீவி, பால் வாளியைத் தூக்கிச் சுமந்தவர்கள் அவர்கள். இன்று அவர்களின் பேரன் 12 மணி நேரம் காவல் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார், இல்லையென்றால் லோரி ஓட்டுகிறார். தட்டில் சோற்றுக் குவியல் மட்டும் அதே உயரத்தில் இருக்கிறது. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களில் அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. என் மேசைக்கு எதிரே நான் தினமும் பார்ப்பதும் இதைத்தான்.

என்னதான் செய்வது? கிளினிக் சுவரில் சுகாதார அமைச்சு ஒட்டியிருக்கும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் கால், கால், அரை) படத்தைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு வகை, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள், வீட்டில் போய்ப் பழையபடி சாப்பிடுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் வீட்டில் சாப்பிடும் தட்டையே கையோடு கொண்டுவரச் சொல்கிறேன். மார்க்கரால் கோடு போட்டுக் காட்டுகிறேன். கோடு போட்ட பிறகுதான் காய்கறிக்கு இவ்வளவு இடமா என்று வாயைப் பிளக்கிறார்கள். காங்கோங், பாயாம், பயற்றங்காய், வெண்டைக்காய், முட்டைக்கோஸ் எல்லாம் காலைச் சந்தையில் கிடைப்பவைதான். தேங்காய்ப்பாலில் மிதக்க விடாமல் வதக்கினால் போதும். உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றோடு சேர்ந்தது. புரட்டாசி மாதம் முழுக்க உருளைக்கிழங்கும் அப்பளமும் பொரித்த சைவ இறைச்சியுமாகச் சாப்பிட்டு, விரதம் இருந்தும் மூன்று கிலோ ஏறிவிட்டது என்று வருகிறவர்கள் உண்டு. சோயாவில் செய்த தவ்ஹு, தெம்பே, அப்புறம் கொண்டைக்கடலை, பாசிப்பயறு இருக்கும்போது ஏன் இந்தப் பாடு? பழம் என்றதும் ஆப்பிளைத் தேடாதீர்கள். கொய்யாவுக்குப் பேர்போன ஊரில் இருக்கிறோம். ஒரு கொய்யாவைக் கடித்துத் தின்றால் பசியும் அடங்கும்.

தட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு இது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும்போது சட்டியில் மீன் இருக்காது, கீரையும் தீர்ந்திருக்கும். சோறும் குழம்பும் மிஞ்சும், பிள்ளை விட்டதும் மிஞ்சும், வீணாகக் கூடாதென்று அதையும் சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள். இப்படி 30 வருடம் சாப்பிட்ட உடம்பில் தசை குறைந்து இடுப்பில் சதை கூடுகிறது. இதில் சோற்றையும் நிறுத்தினால் தசை இன்னும் கரையும், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். கெஞ்சிக் கேட்கிறேன், சமைக்கும்போதே ஒரு துண்டு மீனையும் ஒரு முட்டையையும் உங்கள் பங்காக எடுத்து மூடி வையுங்கள். இதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் என்னிடம் அனுப்புங்கள்.

ஆண்களுக்கு முதல் சிக்கல் தட்டில் இல்லை, கிளாஸில். ஒரு தே தாரிக்கில் (நுரைக்க ஆற்றிய பால் டீயில்) இரண்டு மேசைக்கரண்டி இனிப்பு டின் பால் விழுந்தால் ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி சீனி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம் என்கிறது. இரண்டு கிளாஸோடு கணக்கு முடிந்தது. ஷிஃப்ட்டில் நான்கு குடிப்பவரிடம் நான் சோற்றைப் பற்றிப் பேசவே மாட்டேன். முதல் மாதம் குராங் மானிஸ் (இனிப்பு குறைவாக) என்று சொல்லுங்கள், அடுத்த மாதம் ஒரு வேளையாவது தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத டீ. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றியவர் யாரும் என்னிடம் மூன்று மாதம் தாக்குப்பிடித்ததில்லை. மாதத்துக்கு ஒன்றை மாற்றியவர்கள்தான் இன்னும் வருகிறார்கள், பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு.

எவ்வளவு குறைய வேண்டும்? 80 கிலோ இருப்பவர் அரை வருடத்தில் 4 முதல் 8 கிலோ குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில், எடை பாருங்கள். தினமும் ஏறி இறங்கி மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இடுப்பையும் அளந்து வையுங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள். திடலில் நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துத் தடவை, வாரத்தில் இரண்டு நாளாவது செய்யுங்கள்.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளே, உடம்பு இளைக்கும் காப்பி, டீ என்று இணையத்தில் வாங்கி அம்மாவுக்கு அனுப்பாதீர்கள். சிபுட்ராமின் என்ற மருந்து, மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2010-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதை இரகசியமாகக் கலந்த இளைக்கும் பொருள்களைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. பாக்கெட்டில் அந்தப் பெயர் இருக்காது. குடித்ததும் பசியே இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்று அம்மா சொன்னால் அன்றே நிறுத்தி, பாக்கெட்டோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அந்த அம்மாவுக்கு டாக்டர் மாத்திரை அளவை மாற்றிவிட்டார். செவ்வாய்க்கிழமை எவர்சில்வர் தட்டோடு வந்தார், கோடு போட்டுக் கொடுத்தேன். ராத்திரியும் சோறு உண்டு, கால் தட்டு. கல்யாணச் சேலைக்கு இரவிக்கையைக் கொஞ்சம் பிரித்துத் தைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கப் போகிறவர்கள் விரதம் தொடங்க இரண்டு வாரம் முன்னதாகவே மாத்திரை அட்டையோடு வாருங்கள். காவடி எடுக்கும் நாளன்று காலையில் போன் செய்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.