ஒரு முனையைப் பிடித்தால்தான் நூல்

மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றியுள்ள பூஜைச் சாமான் கடைகளில் விளக்குத் திரி கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அதில் ஒன்றை எடுத்து, முறுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கமாகத் திருகிப் பாருங்கள். முறுக்கு அவிழ்ந்ததும் லேசாக இழுத்தால் போதும், பிய்ந்து வந்துவிடும். பசை, மாவு எதுவும் அதில் இல்லை. முறுக்கு இருந்தவரை திரி. போனால் வெறும் பஞ்சு.

நம் வேட்டி சேலைகளும் இந்த ஒரே நம்பிக்கையில்தான் உடம்பில் நிற்கின்றன. பருத்தி இழை ஒன்றின் நீளம் பொதுவாக 25 முதல் 30 மில்லிமீட்டர். ஆனால் நூல் மைல்கணக்கில் ஓடுகிறது. அப்படியென்றால் அங்குலத்துக்கு அங்குலம் எங்கேயோ ஓர் இழை முடிகிறது, இன்னொன்று தொடங்குகிறது. முடிகிற இழை தாங்கிய இழுவையை அடுத்த இழைக்குக் கைமாற்றிவிடுவது உராய்வு மட்டுமே. ஈரத் துண்டைப் பிழியும்போது திருகத் திருக உள்ளே இறுகித் தண்ணீர் வெளியேறுகிறதே, நூலுக்குள்ளும் அதே கதைதான். சாய்வாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வெளி இழைகள் உள் இழைகளை நெருக்குகின்றன. நூலை இழுத்தால் அந்த நெருக்கம் கூடுகிறது, உராய்வும் கூடுகிறது. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு மாதிரியான ஏற்பாடு.

சரி, முறுக்கிக்கொண்டே போனால் நூல் இரும்பாகிவிடுமா? ஆகாது. ஓர் அளவுக்கு மேல் இழைகள் ரொம்பவும் சாய்ந்துவிடும். நூலின் நீளவாக்கில் வரும் இழுவையைத் தாங்கும் திறன் குறையும். கை தளர்ந்ததும் நூல் சுருண்டு தன்மேலேயே பின்னிக்கொள்ளும். கயிறு திரிப்பவர்கள் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஒரே பக்கம் முறுக்கிய புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால், ஒன்று அவிழப் பார்க்கும்போது மற்றொன்று இறுகும். கயிறு அமைதியாகக் கிடக்கும்.

இழைக்கும் இதில் பங்கு உண்டு. காய்க்குள் இருக்கும்வரை பருத்தி இழை ஈரமான, உள்ளே துளையுள்ள குழாய். காய் வெடித்துக் காய்ந்ததும் அது தட்டையாகி, நாடா போல் இயல்பாகவே திருகிக்கொள்கிறது. இந்தத் திருகல்கள்தான் ஒன்றையொன்று பற்றுகின்றன. போடி பக்கம் விளையும் இலவம் பஞ்சும் பார்க்க வெள்ளைதான், மென்மைதான். ஆனால் அதன் இழை வழுவழுவென்று இருக்கும், எளிதில் ஒடியும். அதனால்தான் அது தலையணைக்குப் போயிற்று, தறிக்குப் போகவில்லை.

கீழடி அகழாய்வில் சுடுமண் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. நடுவில் துளையுள்ள சின்ன வில்லைகள். துளையில் ஒரு குச்சியைச் செருகி, பஞ்சின் நுனியை அதில் மாட்டிச் சுண்டிவிட்டால் சுழலும். வில்லை எதற்கு? வெறும் குச்சி இரண்டு சுற்றில் நின்றுவிடும். எடை விளிம்பில் இருந்தால் சுழற்சி நீடிக்கும். எடை இரண்டு மடங்கானால் சுழற்சி நிலைமமும், அதாவது சுழற்சி எளிதில் மாறவிடாத பிடிவாதமும், இரண்டு மடங்கு. எடை மாறாமல் விட்டம் மட்டும் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு. அகலமான வில்லை மெதுவாக, நெடுநேரம் சுற்றித் தடித்த நூல் தரும். சின்ன வில்லை வேகமாகச் சுற்றும். மெல்லிய நூல் அறாமல் அதைத் தாங்கும். துணி மக்கிப் போனாலும், வில்லையை எடை போட்டு அளந்து பார்த்து அந்த ஊரில் எத்தகைய நூல் நூற்றிருப்பார்கள் என்று தொல்லியலாளர்கள் ஊகிப்பது இப்படித்தான்.

நூற்றவர்கள் யார் என்பதற்குச் சங்கப் பாட்டுகளில் சாட்சி உண்டு. புறநானூற்றின் 326ஆம் பாட்டில், இராத்திரியில் காட்டுப்பூனைக்குப் பயந்து அலறுகிறது ஒரு கோழி. பஞ்சின் தூசு தும்பைத் தட்ட எழுந்த பருத்திப் பெண் ஒருத்தியின் சிறு விளக்கு வெளிச்சத்தில் சேவலைக் கண்டு அது அடங்குகிறது. பாட்டு அவளைப் பற்றியது அல்ல. போகிற போக்கில் வருகிறாள். எனக்கு மறக்காமல் நிற்பது அவள்தான்.

அவளுடைய விரலுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. இழுக்கும்போது நூல் ஓரிடம் தடித்து, ஓரிடம் மெலிந்து வரும். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்துக்குத்தான் ஓடும், ஏனென்றால் அங்கே திருகுவது சுலபம். அதனால் மெலிந்த இடம் முதலில் இறுகிவிடும். தடித்த இடம் இளகியே இருக்கும். மேலும் இழுத்தால் அதுதான் நீண்டு மெலியும். தப்பை நூலே திருத்திக்கொள்கிறது. கைநூல் இவ்வளவு சீராக வருவதன் ரகசியம் பாதி இதில்தான்.

மிச்சப் பாதி, பிடி. கதிர், அதாவது நூற்கும் கூரான கம்பி, ஒரு முனையைச் சுழற்றும்போது, மறுமுனை சுழலாமல் கையில் இருக்க வேண்டும். இரண்டு முனையும் சேர்ந்து சுற்றினால் ஒரு முறுக்கும் ஏறாது. ராட்டையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சக்கரத்தின் விட்டம் 50 செ.மீ., கதிரின் கப்பியின் விட்டம் 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கை ஒரு சுற்று சுற்றினால் கதிர் 50 சுற்று. நூலைக் கதிரின் கூர்நுனியை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், ஒவ்வொரு சுற்றிலும் நூல் நுனியிலிருந்து வழுக்கி நழுவும். நழுவும்போதெல்லாம் ஒரு முறுக்கு ஏறும். அதே நூலைக் கதிருக்குக் குறுக்காகப் பிடித்தால் நழுவாது, சுற்றிக்கொள்ளும். கருவி ஒன்றே, கோணம் மாறினால் வேலை மாறும்.

1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி அரையாடைக்கு மாறியபோது, இந்த ஊரில் ஆலை நூலுக்கு ஏற்கெனவே ஓரிரு தலைமுறை வயது. ரயில் நிலையத்தை ஒட்டிய ஹார்வி மில் 1890களிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மில் கணக்கு வேறு உலகம். 40ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜக் கழிகள் (நூல் கட்டுகள்) 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடை. 454 கிராம் நூலை நீட்டினால் 30 கிலோமீட்டர், மேலூர் வரை போய்விடும். அந்த நூலுக்கு அங்குலத்துக்குச் சுமார் 25 முறுக்கு வேண்டும். இன்றைய கதிர் நிமிடத்துக்கு 16,000 சுற்று சுற்றினாலும், ஒரு நிமிடத்தில் வருவது 16 மீட்டர்தான்.

பிடியே இல்லாத சுழற்சி எப்படி இருக்கும்? பம்பரத்தைப் பாருங்கள். சாட்டை உருவிக்கொண்டதும் ஆணி நுனியைத் தவிர அதைத் தடுக்க ஆளில்லை. சாய்ந்தாலும் ஏன் விழுவதில்லை? புவியீர்ப்பு ஒரு பக்கத்தைக் கீழே தள்ளுகிறது. ஆனால் தள்ளப்பட்ட விளிம்பு, இறங்கி முடிப்பதற்குள் கால் சுற்று நகர்ந்துவிடுகிறது. விழ வேண்டிய பம்பரம் பக்கவாட்டில் நகர்கிறது, தலை வட்டம் போடுகிறது. வேகம் குறையக் குறைய அந்தத் தலையாட்டம் கூடும். அபீட் எடுக்க, அதாவது சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் மேலே தூக்கிப் பிடிக்க, நினைக்கிறவர்கள் அதற்கு முன்பே சாட்டையைப் போட்டுவிட வேண்டும்.

கிரிக்கெட் பந்தில் பிடி திரும்பி வருகிறது: முதலில் காற்று, பிறகு தரை. நல்ல சுழற்பந்து நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுழலும். கையை விட்டுத் தரை தொடுவதற்குள் கிட்டத்தட்ட 25 சுற்று. முன்பக்கமாக உருளும் பந்து தன்னைத் தழுவும் காற்றை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதன் எதிர்வினை பந்தைக் கீழே அழுத்துகிறது. பேட்ஸ்மேன் எதிர்பார்த்ததற்கு ஓரடி முன்னாலேயே பந்து விழும். பக்கச் சுழற்சி இருந்தால் காற்றிலேயே ஒதுங்கும். வலது கை ஆட்டக்காரருக்கு ஆஃப் ஸ்பின் முதலில் வெளியே நகர்ந்து, விழுந்ததும் உள்ளே திரும்புவது இதனால்தான். விழுந்தபின் திருப்புவது தரையின் உராய்வு. இரவு ஆட்டத்தில் பனி இறங்கினால், பந்து விரலிலும் வழுக்கும், தரையிலும் வழுக்கும்.

வைகை மணலில் ஆடும் பையன்களிடம் இருப்பது டென்னிஸ் பந்து. அதன் எடை சுமார் 58 கிராம். தோல் பந்து சுமார் 160. அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே காற்று அதே அளவு தள்ளினாலும் லேசான பந்து இரண்டு மடங்குக்கு மேல் விலகும். உள்ளே காற்று மட்டுமே இருப்பதால் விரலால் அழுத்தி நடுவிரலால் சுண்டவும் முடியும். சென்னைத் தெருக்களில் இதற்குச் ‘சொடுக்கு பால்’ என்று பேர். அஸ்வின் அதைத்தான் தோல் பந்துக்குக் கொண்டுபோனார். கிரிக்கெட் உலகில் அதற்குக் கேரம் பால் என்று பேர். சுலபமான வேலை இல்லை. கனமான பந்தின் சுழற்சி நிலைமம் டென்னிஸ் பந்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே சொடுக்குக்குப் பாதிச் சுற்றுதான் கிடைக்கும். அந்தக் குறையை விரல் பலத்தாலும், பந்தின் தையல் மேட்டில் விரலை மாட்டும் பிடியாலும்தான் ஈடுகட்ட வேண்டும்.