டெட்ராய்டின் அடியில் இருக்கும் உப்பு

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகே பணிபுரியும் வாசகர் ஒருவர் நல்லதொரு கேள்வியை அனுப்பியிருக்கிறார். ஆகஸ்ட் மாதத்தில் உட்வர்ட் சாலையில் நடைபெறும் கார் ஊர்வலத்தில், எஞ்சினை மாற்றி வேகம் கூட்டப்பட்ட பழைய கார்களை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை அவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. தெற்குக் கலிஃபோர்னியாவுக்குச் சென்றிருந்தபோதோ, ஜனவரி மாதத்தில், மளிகைக் கடை வாசலிலேயே அப்படியொரு கார் நின்றிருந்ததாம். கார்த் தொழிலின் தலைநகரில் பழைய கார் ஏன் இப்படி அரிதாகிப்போனது என்று கேட்கிறார்.

பழைய கார்களின் வேகத்தைக் கூட்டும் இந்தப் பழக்கம் வளர்ந்த இடம் தெற்குக் கலிஃபோர்னியா என்பதைப் பலரும் அறிவர். 1932ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை எளியவர்களும் வாங்கக்கூடிய விலையில் கொண்டுவந்தது. இளைஞர்கள் அந்தக் கார்கள் பழசான பிறகு அவற்றை மலிவாக வாங்கி, சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்த விகிதத்தைக் கூட்டினார்கள். கார்புரேட்டர்களின் எண்ணிக்கையைப் பெருக்கினார்கள். மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தார்கள். மியூராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டத்தின் நேரத்தை முறையாகக் கணக்கிட 1937இல் அவர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள். 1955இல் செவ்ரோலே கொண்டுவந்த சிறிய வி-8 எஞ்சின் எடை குறைவானதாகவும் எந்தப் பழைய காருக்குள்ளும் அடங்குவதாகவும் இருந்ததால், வழக்கம் நாடெங்கும் பரவியது. டெட்ராய்டிலும் ஆர்வத்துக்குக் குறைவிருக்கவில்லை. ஆகவே, விடையை ரசனையில் தேடிப் பயனில்லை. காரின் அடித்தகட்டில்தான் தேட வேண்டும்.

சக்தி கூட்டப்படும் காருக்கு உடல் வலுவாக இருந்தாக வேண்டும். எஞ்சினின் முறுக்குவிசை இரட்டிப்பானால், சட்டமும் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடங்களும் அடித்தகடும் அந்த விசையைத் தாங்க வேண்டும். காட்சிக்கு நிறுத்தும் பழைய கார் ஓரளவு துருவோடு காலம் தள்ளிவிடும். வேகம் கூட்டிய கார் தள்ளாது. எந்தப் பகுதியில் இத்தகைய கார்கள் மிகுதி என்ற கேள்வி, பெருமளவுக்கு, எந்தப் பகுதியில் துரு குறைவு என்ற கேள்வியாக மாறிவிடுவது இதனால்தான்.

துரு எப்படி ஏற்படுகிறது என்று கேட்டால், இரும்பு, நீர், ஆக்சிஜன் என்று பள்ளி மாணவரும் சொல்லிவிடுவார். ஆனால் ஒரே ஒரு நீர்த்துளிக்குள் நடப்பதைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அந்த விடை போதாது. கேம்பிரிட்ஜில் வாழ்நாளெல்லாம் அரிமானத்தையே, அதாவது உலோகம் அரிக்கப்படுவதையே, ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் 1920களில் விளக்கிய சோதனை ஒன்று உண்டு. உப்புநீரில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடையும் பினாப்தலீனையும் சிறிது கலந்து, நன்றாகத் தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி வைக்க வேண்டும். முதலில் நீலப் புள்ளிகளும் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் துளி முழுவதும் சிதறித் தோன்றும். சற்று நேரத்தில் அவை தாமாகவே பிரிந்து, துளியின் நடுவில் நீலமும் விளிம்பில் இளஞ்சிவப்பு வளையமும் நிலைபெறும். பிறகு அவ்விரண்டுக்கும் இடையே பழுப்பு நிறத்தில் துரு படியத் தொடங்கும்.

நீலம் தோன்றும் இடத்தில் இரும்பு கரைந்துகொண்டிருக்கிறது. ஒவ்வோர் இரும்பணுவும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக நீரில் இறங்குகிறது. இளஞ்சிவப்பு தோன்றும் விளிம்பில், காற்றிலிருந்து எளிதாக நுழையும் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொண்டு, நீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடாகிறது. எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவும் அயனிகள் நீரின் வழியாகவும் பயணம் செய்கின்றன. ஒரு சொட்டு நீர், ஒரு மின்கலம்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆக்சிஜன் மிகுந்திருக்கும் விளிம்பு பாதுகாப்பாக இருக்கிறது, ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதியே அரிக்கப்படுகிறது என்பதை மட்டும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பழைய கார் வெளியே பளபளப்பாக இருக்க, சேறு அடைந்த இடுக்கும் இரண்டு தகடுகள் ஒட்டும் மடிப்பும் உள்ளேயே செல்லரித்ததுபோல் போய்விடுவதற்கு இதுவே காரணம். மேலும், துரு தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், ஸ்பாட் வெல்டிங் செய்த மடிப்புகளை நெம்பித் திறந்தும்விடுகிறது.

சென்னையில் ஒரு டிங்கரிங் பட்டறையில் இதை நான் நேரில் பார்த்தேன். கடலோரப் பகுதியிலிருந்து வந்த அம்பாசிடர் கார் ஒன்றின் கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டியை மேஸ்திரி திருப்புளியால் மெல்லக் குத்தினார். பிஸ்கட்டில் இறங்குவதுபோல் அது கைப்பிடி வரை இறங்கியது. வெளிப் பெயின்டில் ஒரு கீறலும் இல்லை.

உப்பு இங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது. நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டி அந்தக் குட்டி மின்கலத்தைப் பலப்படுத்துகிறது. இரும்பின் மேல் படியும் மெல்லிய காப்புப் படலத்தைக் குளோரைடு அயனிகளைக் கொண்டு உடைக்கிறது. டெட்ராய்ட் நகருக்கு அடியில் ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்தில், தொன்மையான கடல் ஒன்று வற்றியபோது படிந்த உப்புப் பாளம் இருக்கிறது. அதைத் தோண்டியெடுத்துப் பனிக்காலத்தில் சாலையில் தூவுகிறார்கள். இந்த வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெருகியது. அதாவது, பின்னாளில் பழைய கார்களாக மதிக்கப்படவிருந்தவை புதிதாகச் சாலையில் ஓடிய அதே ஆண்டுகளில் பெருகியது.

கடுங்குளிரில் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாததால், மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு கரைசல்களையும் பல இடங்களில் தெளிக்கிறார்கள். நம் வீட்டில் மழைக்காலத்தில் ஜாடியிலுள்ள கல்லுப்பு நீர்விட்டுக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். அதில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடே அதற்குப் பெரும்பாலும் காரணம். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையும்; மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். சாலை காய்ந்த பிறகும் காரின் அடியில் ஒட்டிய அந்த உப்பு தனக்கு வேண்டிய துளியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அத்தகைய காரைக் கதகதப்பான ஷெட்டில் நிறுத்துவது அதைவிடக் கேடு; பனி உருகி, வெப்பத்தால் வினையும் விரைவடையும். உங்கள் ஊர்க்காரர்கள் நவம்பரிலேயே தங்கள் கார்களை உறையிட்டு உறங்கவைப்பது ஏன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

கலிஃபோர்னியாவின் உட்பகுதியிலும் அரிசோனாவிலும் வெயில் டாஷ்போர்டைப் பிளக்கும், ரப்பரைக் காய்ச்சும். ஆனால் சட்டம் பழுதின்றி நிற்கும். பனியுப்புத் தேவைப்படாத ஆஸ்திரேலியாவிலும் இதே நிலைதான். கான்பெராவில் 1988 முதல் வேகம் கூட்டிய கார்களின் பெருவிழா நடக்கிறது.

சட்ட விதிகளின் பங்கையும் மறுப்பதற்கில்லை. 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குக் கலிஃபோர்னியா புகைச் சோதனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. ஜெர்மனியில் முப்பது ஆண்டு கடந்த கார்களுக்கு வழங்கும் சிறப்புப் பதிவெண்ணைப் பெற, கார் மூல நிலையிலோ அதன் காலத்துக்குரிய மாற்றங்களோடோ இருக்க வேண்டும். ஸ்வீடனிலோ பனியும் உப்பும் உண்டு, ஆனாலும் அமெரிக்கப் பழைய கார்கள் மேல் பெரும் மோகம். அங்குள்ளவர்கள் துருப்பிடிக்காத கார்களைக் கடல் கடந்து வாங்கிவந்து, கோடையில் மட்டும் ஓட்டுகிறார்கள். இந்தியாவில் தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

அரிமானத்தால் உலகுக்கு ஏற்படும் இழப்பு ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் கோடி டாலர் என்று 2016இல் ஒரு சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்ததால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இத்துறையிலும் உழைக்கிறது. இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில், கடற்காற்றில் உலோகத் தகடுகளை வைத்து அவற்றின் தேய்வை அளக்கிறது. விண்கலம் ஏவும் நாளில் கிடைக்கும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கேனும் இத்தகைய பொறுமையான ஆய்வுகளுக்கும், அவற்றுக்கான நிதிக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டெட்ராய்டில் பழைய கார் ஒன்றை வாங்கலாமா என்றும் வாசகர் கேட்டிருக்கிறார். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். சக்கர வளைவின் ஓரத்திலும் கதவின் கீழ்விளிம்பிலும் அதை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது ஓட்டையை அடைத்த பட்டிப் பூச்சு, தகடல்ல. அதன் பிறகு காரைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, அடியில் மடிப்புகளை மட்டும் பாருங்கள். எஞ்சினின் முழக்கத்தைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.