30,000 செருப்பு போர்த்திய படகு

கென்யாவின் வடக்குக் கடற்கரையை ஒட்டி லாமு என்றொரு தீவு இருக்கிறது. சந்துகள் அவ்வளவு குறுகல், சுமை தூக்க இன்றைக்கும் கழுதைகள்தான். தலைமுறை தலைமுறையாக மரத்தில் பாய்மரப் படகு கட்டிவரும் ஊர் அது. அந்த ஊர்த் தச்சர்கள், அலி ஸ்கந்தா என்ற படகுக் கலைஞரின் தலைமையில், 2018இல் மரப்பலகைக்குப் பதிலாகக் குப்பையிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கை உருக்கி, பலகையாக வார்த்து, இழைத்து ஒரு படகையே கட்டி முடித்தார்கள். நீளம் சுமார் 9 மீட்டர், உள்ளே போன பிளாஸ்டிக் 10 டன். வெளிப்புறத்தில் 30,000 ரப்பர் செருப்புகளைப் போர்த்தியிருந்தார்கள். அத்தனை நிறம், கடலில் தூரத்தில் வரும்போதே திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. பெயர் ஃப்ளிப்ஃப்ளாப்பி.

2019 தொடக்கத்தில் அது லாமுவிலிருந்து தான்சானியாவின் சான்சிபார் தீவுக்குச் சுமார் 500 கிலோமீட்டர் பாய் விரித்துப் போனது. தள்ளிக்கொண்டு போன காற்றுக்குச் சுவாஹிலியில் கஸ்காசி என்று பெயர். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அது. வழியில் ஊர் ஊராக நின்று, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் வேண்டாம் என்று மக்களிடம் பேசிவிட்டுப் போனார்கள்.

சரி, ஏன் செருப்பு?

பதில் செருப்பின் உடம்புக்குள் இருக்கிறது. ரப்பர் செருப்பு என்று சொன்னாலும், இந்த வகையில் பெரும்பாலானவை ஈ.வி.ஏ என்ற நுரைப் பிளாஸ்டிக். எத்திலீனும் வினைல் அசிடேட்டும் கோத்த நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். தயாரிக்கும்போது சூட்டில் வாயுவை வெளிவிடும் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள், உள்ளே லட்சக்கணக்கான குமிழிகள் உண்டாகும். இட்லியிலும் குமிழி உண்டு, ஆனால் அந்தத் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும், அதனால்தான் சாம்பாரை உறிஞ்சிக்கொள்கிறது. செருப்பில் ஒவ்வொரு குமிழியும் தனித்தனியாக மூடிய அறை. தண்ணீர் புக வழியில்லை. தண்ணீரைவிடப் பல மடங்கு லேசு, மாதக்கணக்கில் மிதந்தாலும் மூழ்காது. அப்புறம் அது எங்கே வேண்டுமானாலும் போய்ச் சேரும். இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பக்கம் கோகோஸ் என்ற குட்டித் தீவுக்கூட்டம் இருக்கிறது, ஒரு சில நூறு பேர்தான் வாழ்கிறார்கள். அங்கே ஒதுங்கிக் கிடக்கும் காலணிகள் மட்டும் சுமார் 9,77,000 என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த எண்ணைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கரையில் எப்போதும் ஒற்றைச் செருப்பாகவே கிடப்பதற்கும் காரணம் உண்டு. இடது செருப்பும் வலது செருப்பும் எதிரெதிராக வளைந்தவை, காற்று அவற்றை வேறு வேறு பக்கம் தள்ளிவிடும். 1990இல் பசிபிக்கில் கப்பலிலிருந்து விழுந்த ஷூக்களைப் பின்தொடர்ந்த கர்டிஸ் எப்ஸ்மேயர் என்ற கடலியலாளர் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. குமிழி உடையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகப் பெராக்சைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் சங்கிலிகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அதன்பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது, கருகும். வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாதே, அப்படி. தண்ணீர்க் குடம்போல உருக்கி வார்க்கும் மறுசுழற்சிக்கு இது ஒத்துவராது என்பதால் காயலான் கடையிலும் இதற்கு மதிப்பில்லை.

உருகாது, ஆனால் கத்தி இறங்கும். சோமாலியா எல்லைக்குப் பக்கத்தில் கியுங்கா என்ற ஊரில், கரை ஒதுங்கிய செருப்பை வெட்டிப் பிள்ளைகள் பொம்மை செய்வதைக் கடல் பாதுகாப்பில் ஈடுபட்டிருந்த ஜூலி சர்ச் 1990களின் கடைசியில் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓஷன் சோல் என்ற கென்ய நிறுவனம். அங்கே செருப்பைக் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டுக் கட்டியாக்கி, யானை, சிங்கம், ஆமை என்று செதுக்குகிறார்கள். மேலே பூசிய சாயமாக இருந்தால் முதல் வெட்டிலேயே போயிருக்கும். இது ஆலையிலேயே பொருளோடு பிசைந்த நிறம், எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் வரும். வளைவாகச் செதுக்கும்போது அடுக்குகள் வரிவரியாகத் தெரியும் பாருங்கள், அந்த அழகுக்காக யாரும் வண்ணம் தீட்டவில்லை.

படகின் பலகைக்கு வேண்டியது உருகக்கூடிய பிளாஸ்டிக். அதற்கு முதலில் பிரிக்க வேண்டும், ஏனென்றால் வெவ்வேறு பிளாஸ்டிக்கை ஒன்றாக உருக்கினால் எண்ணெயும் தண்ணீரும்போலச் சேராமல் நின்று பலகை அங்கங்கே விரிசல் விடும். வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில் பார்க்கலாம்: தண்ணீர் பாட்டிலைத் துண்டாக்கிப் போட்டால் மூழ்கும், அதன் மூடி மிதக்கும். மூடியும் குடமும் இருக்கிற பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் குடும்பத்தில் இன்னொரு தொல்லை, பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. ஈ.வி.ஏவில் உள்ள அசிடேட் பகுதி பசையைப் பிடித்துக்கொள்ளும், இவற்றில் அப்படி ஒன்றும் இல்லை, திருகோ ஆணியோ அடித்துத்தான் ஆகவேண்டும். மரத்தைவிட அதிகமாக வளையும், வெயிலில் அதிகமாக நீளும். மரத்தில் பழகிய தச்சர்கள் இத்தனையையும் கை வைத்துப் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும், அதை நினைத்தால் எனக்குப் படகைவிட அவர்கள்மேல்தான் மரியாதை கூடுகிறது. பெரும்பாலான குப்பைச் சிற்பங்கள் ஓரிடத்தில் நிற்கும், இது அலையில் போய்வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் இந்தச் சங்கிலிகளை மெல்ல அறுக்கும், மேற்பரப்பு வெளுத்து, சுண்ணாம்புபோல உதிரத் தொடங்கும். அந்தத் தூள்தான் நுண்பிளாஸ்டிக். செதுக்கும்போதும் தேய்க்கும்போதும் விழுகிற பொடியும் அதே பொருள்தான். மூடிய பட்டறையில் செதுக்கி, பொடியைக் கூட்டி அள்ளி வைத்தால் ஓரளவு தடுக்கலாம், திறந்த வெளியில் வைக்கும் சிற்பத்தை அவ்வப்போது பார்த்து, உதிரத் தொடங்கினால் உள்ளே எடுத்துவிட வேண்டும். அதனால் இப்போதெல்லாம் பூங்காவிலோ கடற்கரையிலோ பிளாஸ்டிக் குப்பையில் செய்த மீனையோ திமிங்கலத்தையோ பார்த்தால், நன்றாக ரசித்துவிட்டு, பக்கத்தில் யாராவது பொறுப்பாளர் இருந்தால் ஒன்று கேட்டுவிடுகிறேன்: செதுக்கின பொடியை என்ன செய்தீர்கள்?