ஒரு சோறு பதம் சொல்லாத பானை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுவதும் ஒரே தண்ணீரில் ஒரே கொதியில் வேகும்போது சரி. ஆயிரக்கணக்கான லிட்டர் திரவத்தைக் கலக்கும் தொட்டியில் அந்தப் பழமொழி உதவாது. எங்கே மொண்டாலும் ஒன்றுபோல இருக்குமா என்பதுதானே அங்கே கேள்வி! ஆய்வுக் கோல்களை உள்ளே நீட்டினால், அவையே ஓட்டத்தைக் குலைத்துவிடும். காகிதக் கூழையும் பெயிண்டையும் ஊடுருவிக் கண்ணால் பார்க்கவும் முடியாது.

மின்தடை டோமோகிராஃபி சுவரில் இருந்துகொண்டே உள்ளே பார்க்கும் வழி. தொட்டியின் உட்சுவரில், ஒரே மட்டத்தில், 16 உலோக மின்முனைகளை வளையமாகப் பதிக்கிறார்கள். அவை திரவத்தைத் தொட்டிருக்கும், ஓட்டத்தை மறிக்காது. அடுத்தடுத்த இரண்டு முனைகள் வழியாகச் சிறிய மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, மற்ற முனைகளில் இணை இணையாக மின்னழுத்த வேறுபாட்டை அளக்கிறார்கள். பிறகு அடுத்த இணையில் செலுத்துகிறார்கள். ஒரு சுற்று முடிந்தால் 208 அளவுகள் கிடைக்கும். செலுத்தும் இணையையும் அளக்கும் இணையையும் இடம் மாற்றினால் விடை மாறாது. ஆகவே அவற்றில் 104 மட்டுமே புதிய செய்தி சொல்பவை. நேர்மின்னோட்டம் இங்கே ஆகாது. நீர் மின்னாற்பகுப்பு அடைந்து, முனைகளில் குமிழ்கள் ஒட்டி, அளவே கெட்டுவிடும்.

கடினமான வேலை இதற்குப் பிறகுதான். சி.டி. ஸ்கேனில் எக்ஸ் கதிர் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கிறது. மின்னோட்டமோ எளிதில் கடத்தும் இடத்தைத் தேடி வளைந்து பரவுகிறது. அது போகும் பாதையை அறிய, உள்ளே கடத்துத்திறன், அதாவது மின்சாரத்தைக் கடத்தும் திறன், எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரிய வேண்டும். நாம் தேடுவதும் அதையேதான். அர்ஜென்டினாவில் பிறந்த கணித மேதை ஆல்பர்டோ கால்டெரோன், இளமையில் எண்ணெய் நிறுவனமொன்றில் பொறியாளராக இருந்தபோது இந்தப் புதிரை யோசிக்கத் தொடங்கினார். மேற்பரப்பு அளவுகளைக் கொண்டு உட்புறத்தைக் கண்டறிய முடியுமா என்ற அந்தக் கேள்வியை 1980இல்தான் கட்டுரையாக வெளியிட்டார். நடைமுறையில், தொட்டியின் வட்டத்தை 316 கட்டங்களாகப் பிரித்து, 104 எண்களைக் கொண்டு நிரப்புகிறார்கள். படம் மங்கலாகத்தான் வரும், முனைகளிலிருந்து தொலைவில் இருக்கும் நடுப்பகுதி இன்னும் மங்கும். ஆனாலும் அடுத்தடுத்துப் பல படங்கள் கிடைப்பதால், கலவை நகர்வதைத் தொடர்ந்து பார்க்கலாம். என் மதிப்பில் இந்த முறையின் உண்மையான பலம் அதுதான்.

1990களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த யூமிஸ்ட் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், 1.5 மீட்டர் விட்டமும் 2.3 கன மீட்டர் கொள்ளளவும் கொண்ட தொட்டியில், எட்டு மட்டங்களில் 128 முனைகளைப் பொருத்தினார்கள். அடர் உப்புநீரை ஊற்றினால், அது செல்லும் இடமெல்லாம் கடத்துத்திறன் உயரும். எட்டு குறுக்குவெட்டுப் படங்களையும் அடுக்கிவைத்தால் உப்பின் பயணமே கண்ணுக்குத் தெரியும். தொட்டியைக் கலக்கும், ஆறு தகடுகள் கொண்ட ரஷ்டன் சுழலி திரவத்தைப் பக்கவாட்டில் வீசுகிறது. வீச்சு சுவரில் மோதி மேலும் கீழுமாக இரண்டு சுழற்சிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு சுழற்சிக்குள்ளும் கலப்பு விரைவு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது தாமதம். ஒரே கோலை மேல்பாதியில் வைத்து அளந்தவர், கீழ்பாதி காத்திருக்கும்போதே கலந்துவிட்டது என்று எழுதிவிடுவார்.

வெப்பநிலையைக் கவனிக்காவிட்டால் இந்த முறையும் ஏமாற்றும். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நீர்க்கரைசலின் கடத்துத்திறன் சுமார் 2 விழுக்காடு கூடும். அது படத்தில் உப்பாகத் தோன்றும்.

உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் சாந்தன் பசையின் கரைசல் போன்ற கெட்டியான திரவங்களில்தான் எனக்கு இந்தக் கருவி மீது மதிப்பு மிகுதி. குறிப்பிட்ட விசை கிடைக்கும்வரை அவை அசைவதே இல்லை. சுழலியைச் சுற்றி ஒரு குகைபோல் கொஞ்சம் திரவம் மட்டும் சுற்றும், அதற்கு வெளியே எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். மோட்டார் ஓடுவதை வைத்து இதை அறிய முடியாது. சுழலிக்கு அருகே உப்புநீரைச் செலுத்தினால், குகையின் எல்லை படத்தில் விழுகிறது. வேகத்தைக் கூட்டக் கூட்ட அது விரிந்து சுவரைத் தொடுகிறது. பிறகு திரவ மட்டத்தை நோக்கி மெதுவாக ஏறுகிறது.