ரிவிஷனிசம்: திருத்துறதா, திரிக்கிறதா?

வியட்நாம் போர் பத்தி கொஞ்சம் ஆழமா படிக்க ஆரம்பிச்சா "ரிவிஷனிஸ்ட்"ங்கிற வார்த்தை வந்து நிக்கும், தமிழ்ல தேடினா "திருத்தல்வாதி"ன்னு கிடைக்கும், அங்கதான் குழப்பமே.

மூலம் லத்தீன். ரெவிசெரேன்னா திரும்பப் போய்ப் பாக்குறது, அவ்ளோதான், திட்டெல்லாம் இல்ல. 1890கள்ல ஜெர்மனில பெர்ன்ஸ்டைன்ங்கிற சோஷலிஸ்ட் கட்சிக்காரர், மார்க்ஸ் சொன்னதுல சிலது இப்ப பொருந்தாதுன்னு சொல்லப்போய்தான் இது கட்சிக்குள்ள வசவாச்சு. நமக்கும் கட்சி வழியாத்தான் வந்துச்சு, 1964ல கம்யூனிஸ்ட் கட்சி உடைஞ்சப்போ பிரிஞ்சு வந்த சிபிஎம்காரங்க சிபிஐக்காரங்கள திருத்தல்வாதின்னாங்க, அப்புறம் நக்சல்பாரி ஆளுங்க சிபிஎம்காரங்களையே அப்படிச் சொன்னாங்க. சிலர் திரிபுவாதம்னும் எழுதுவாங்க. திருத்தினா சரி பண்றது, திரிச்சா கெடுக்குறது, ஒரே வார்த்தைக்கு ரெண்டு எதிரெதிர் மொழிபெயர்ப்பு!

வரலாற்றுல கதை வேற. முதல் உலகப்போருக்கு ஜெர்மனி தரப்பு மேல பொறுப்பைப் போட்டது வெர்சாய் ஒப்பந்தத்தோட 231வது பிரிவு, இல்ல மத்த நாடுகளுக்கும் பங்கு இருக்குன்னவங்க ரிவிஷனிஸ்ட். பனிப்போர்ல அமெரிக்காவையும் குறை சொன்ன இடதுசாரிங்க ரிவிஷனிஸ்ட். வியட்நாம்ல அப்படியே தலைகீழ். அமெரிக்கா போயிருக்கவே கூடாது, ஜெயிக்கவும் முடியாத போர்ங்கிற கருத்துதான் அங்க முதல்ல நிலைச்சுச்சு, அதனால "ஜெயிச்சிருக்கலாம், போனதுல தப்பில்ல"ன்னு பின்னாடி வந்தவங்களுக்கு இந்தப் பேர். அதாவது இது ஒரு கொள்கையோட பேரே இல்ல, வரிசைல ரெண்டாவதா வந்து பேசுறவரோட பேர்.

1968ல கம்யூனிஸ்ட் படை தெற்கு வியட்நாம் ஊர்கள் மேல நடத்தின டெட் தாக்குதலை எடுத்துக்கோங்க. அந்தப் படைக்கு பலத்த அடி, பிடிச்ச ஊரையும் தக்கவைக்க முடியலை, இதை ரெண்டு தரப்பும் ஒத்துக்குது. களத்துல ஜெயிச்சதை வாஷிங்டன்ல தோத்தோம்னு ரிவிஷனிஸ்ட் சொல்றார். அஞ்சு லட்சம் அமெரிக்கத் துருப்பு நின்னும் நூறு ஊருக்கு மேல ஒரே சமயத்துல அடிக்க முடிஞ்சதுன்னா என்னய்யா ஜெயிச்சீங்கன்னு மத்தவர் கேக்குறார். 1963 நவம்பர்ல தெற்கு வியட்நாம் அதிபர் ஸியெம் (Diem) ராணுவக் கவிழ்ப்புல கொல்லப்பட்டதுலயும் இதே இழுபறி, அவர் உருப்படியான தலைவர், அந்தக் கவிழ்ப்புக்கு அமெரிக்கா துணை போனதுதான் பெரிய தப்புன்னு ரிவிஷனிஸ்ட் வரலாற்றாளர் மார்க் மோயர் 2006ல எழுதினார். எனக்கு அது முழுசா ஒப்பல, ஆனா கேள்வி நியாயமானதுதான். வியட்நாம்காரங்க இதை அமெரிக்க எதிர்ப்புப் போர்ங்கிறாங்க, "வியட்நாம் போர்"ங்கிறதே வெளியாளு பார்வைதானே.

அதனால வரலாறு பேசும்போது திருத்தல்வாதம் வேணாம், மீளாய்வுன்னு எழுதுங்க, ஆளை மீளாய்வாளர்னுங்க. யூதப் படுகொலையே நடக்கலன்னு சொல்றவங்களும் தங்களை ரிவிஷனிஸ்ட்னுதான் சொல்லிக்குவாங்க, அவங்களுக்கு இந்த மரியாதை கிடையாது, அது மறுப்புவாதம். முதல்ல நிலைச்ச கருத்தைச் சொல்ற எதிர்த் தரப்பை இங்கிலீஷ்ல ஆர்த்தடாக்ஸ்ங்கிறாங்க, அதுக்கு அகராதியப் பாத்து "வைதிக"ன்னு போட்டுடாதீங்க, ஹனோய்ல யாகம் நடந்த மாதிரி இருக்கும். வழமைத் தரப்புன்னா போதும்.